உள்ளங்கால் புற்றும் சுதேசி விஞ்ஞானமும்

தோற்புற்று என்று சொன்னால், "அது வெள்ளையருக்கு வரும் வியாதி, வெயிலில் காய்ந்து கறுத்த நமக்கு அதனால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். இந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெலனோமா என்னும் கரும்புற்று ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் முப்பது பேருக்கு மேல் பற்றுகிறது. இந்தியாவிலோ லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. நமது தோலில் இருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருள் சூரியனுடைய புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த மட்டில் கறுப்பு நிறம் நமக்குக் கவசம் என்பது மெய்யே. மற்றப் பாதியை மறந்துவிடுவதனால்தான் ஆட்கள் மாண்டுபோகிறார்கள்.

அந்த மற்றப் பாதி இதுதான்: வெயிலே படாத இடத்திலும் கரும்புற்று உண்டாகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் ஆகிய மூன்றும் அதற்குரிய இடங்கள். வெள்ளையர்களிடம் இவ்வகை மிக அபூர்வம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கரும்புற்றுகளில் பெரும்பங்கு இதுவே. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில், லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேராக முடிகிறது. அவர்களில் பலர் வைத்தியரிடம் வரும்போது காலம் கடந்திருக்கிறது. ஏனென்றால், உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று தோன்றினால் அதைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுகிறோம். சேங்கொட்டைப் பாலை வைத்துச் சுடுகிறோம். கட்டைவிரல் நகத்தின் கீழ்க் கறுப்பு ஓடினால் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்ளுகிறோம். நீரிழிவு உள்ளவராக இருந்தாலோ கேட்கவே வேண்டாம். சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். படித்த வைத்தியரும் இவ்விஷயத்தில் ஏமாறுவதுண்டு.

ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியை உலகம் அறியும். 1977-ல் அவருடைய கால் கட்டைவிரலில் உண்டான காயத்தைப் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணினார்கள். அது நகக்கண் கரும்புற்று. 1981 மே மாதத்தில், 36-வது வயதில், அவர் காலமானார். பணமும் புகழும் மேல்நாட்டு வைத்தியமும் கைக்கெட்டிய ஒருவருக்கு நேர்ந்த கதி அது. அமராவதி வாய்க்கால் பாசனத்தில் நாற்று நடும் ஒரு பெண்பிள்ளையின் உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள்?

கொமரலிங்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருப்பூர் ஜில்லா என்றால் பனியன் மில்களும் சாயப்பட்டறைகளுமே வெளியூராருக்கு நினைவுக்கு வரும். ஜில்லாவின் இந்தத் தென்கோடியில் ஜீவனம் சேற்றில் நடக்கிறது. ராஜவாய்க்கால் ஆயக்கட்டில் நெல்லுக்கும் கரும்புக்கும் இறங்குபவர்கள் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். முள்ளும் கல்லும் பித்தவெடிப்பும் அவர்களுக்குச் சகஜம். காலில் புதிதாக ஒரு கறுப்பு வந்தால் அது பத்தோடு பதினொன்று.

நம் காலுக்கு வரும் நோயைப் பிறர் கண்டு பெயரிட்ட சரித்திரம் பழையது. 1842-ல் மதுரை வைத்தியசாலையில் இருந்த ஜான் கில் என்னும் ஆங்கிலேய வைத்தியர், வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதம் வீங்கிப் புரையோடி, கறுப்பு மணிகளைக் கக்கும் நோயைக் குறித்து எழுதினார். அது புற்று அல்ல. மண்ணிலுள்ள கிருமிகளால் உண்டாவது. இருந்தும் 'மதுரைக் கால்' என்ற பெயரில் அது உலக வைத்திய நூல்களில் ஏறிவிட்டது. ஒரு தமிழ் நகரத்தின் பெயரைத் தாங்கிய நோயைப் பற்றி அந்நகரத்தார் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். கரும்புற்று விஷயத்தில் நமது ஸ்திதி அதைவிடச் சிலாக்கியமானதல்ல.

இந்த நோயின் உட்பொருளை அறியாமல் மேலே பேசுவதில் பயனில்லை. ஆகையால் விஞ்ஞானம் கண்டதைச் சற்று விரித்தே சொல்லுகிறோம்; நேயர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டும்.

நமது உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுப் பத்திரங்கள் யாவும் இருக்கின்றன. ரிஜிஸ்திரார் ஆபீசில் கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் இருப்பினும், எந்தப் பத்திரத்துக்கு நகல் கேட்டு மனுப் போடுகிறார்களோ அதுவே வெளியே வந்து காரியம் செய்கிறது. அதுபோல, ஜீன்கள் அனைத்தும் எல்லா அணுவிலும் இருந்தாலும், எந்த ஜீன் எப்பொழுது நகலெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அணு தோலாகவோ நரம்பாகவோ இருக்கிறது. பெருகுகிறது, அல்லது சும்மாயிருக்கிறது. இந்த நகலெடுப்புக்கு உத்தரவு கொண்டுபோகிறவை என்ஸைம்கள். இக்காலத்தில் நொதி என்று தமிழாக்கியிருக்கிறார்கள். நொதிகளில் கைனேஸ் என்று ஒரு ஜாதி. அவை அடுத்த நொதியின் மேல் பாஸ்பேட் என்னும் முத்திரையைக் குத்தும். முத்திரை விழுந்த நொதி விழித்துக்கொண்டு அடுத்ததற்கு முத்திரை குத்தும். கலெக்டர் தாசில்தாருக்கும், தாசில்தார் மணியக்காரருக்கும், மணியக்காரர் தலையாரிக்கும் உத்தரவு அனுப்பிய பழைய ரெவினியூ இலாகாவின் நடைமுறையை நினைத்துக்கொண்டால் போதும்.

நிற அணுவில் இந்த உத்தரவுச் சங்கிலியின் வரிசை வருமாறு. அணுவின் வாசலில் கிட் என்னும் நொதி இருக்கிறது. வெளியிலிருந்து செய்தி வந்தால் அது உள்ளே ராஸ் என்பதை எழுப்பும். ராஸ், பி-ராஃப் என்னும் நொதியை எழுப்பும். பி-ராஃப் மெக்கையும், மெக் எர்க்கையும் எழுப்ப, எர்க் அணுவின் கருவுக்குள் புகுந்து, பெருகுவதற்கு வேண்டிய ஜீன்களை நகலெடுக்கச் செய்யும். வேலை முடிந்ததும் சங்கிலி அடங்கிவிடும். மதகைத் திறந்து வயலுக்கு வேண்டிய தண்ணீர் பாய்ந்ததும் மூடிவிடுவது போன்ற ஏற்பாடு.

2002-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஸாங்கர் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு விந்தையைக் கண்டார்கள். பி-ராஃப் என்பது 766 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 600-வது மணி வாலின். அந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் மாறி உட்கார்ந்துவிடுகிறது. ஜீனில் ஓரெழுத்துப் பிழையே இதற்குக் காரணம். அந்த ஒரு மணி மாறியதும் மதகின் பலகை திறந்தபடியே சிக்கிக்கொள்ளுகிறது. மேலிருந்து உத்தரவு வராமலே பி-ராஃப் இரவும் பகலும் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது. எர்க் ஓயாமல் கருவுக்குள் ஓடுகிறது. பெருகு, பெருகு என்ற ஜீன்களே சதா பேசுகின்றன. வெள்ளையர்களின் தோற் கரும்புற்றுகளில் ஏறக்குறையப் பாதியில் பி-ராஃப் பிழை இருப்பதாகத் தெரியவந்தது.

பெருகுவது பாதிக் கேடு; சாகாமலிருப்பது மறுபாதி. அணுக்கள் காலம் வந்தால் தாமே மடிவது உடலின் தர்மம். தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கருவிலிருக்கும் சிசுவின் விரல்களுக்கிடையே உள்ள சவ்வு கரைவதும் இவ்விதமே. 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர், இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்கு அபாப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். பழுதுபட்ட அணுவை மடிவிக்கும் பொறுப்புடைய புரதங்களில் ஒன்று பிம். மேலே சொன்ன எர்க், பிம்மின் மேலும் முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை விழுந்த பிம்மை அணுவே அழித்துவிடுகிறது. கொலைகாரனைப் பிடிக்க வேண்டிய தலையாரியையே முதலில் வேலையை விட்டு நீக்கிவிட்ட மாதிரி. ஒரே ஒரு நொதியின் பிழை, ஒரு பக்கம் ஜீன்களைத் தாறுமாறாகப் பேச வைத்து, மறுபக்கம் சாவையும் தடுத்து நிறுத்துகிறது.

இது தெரிந்ததும் மருந்து தேடுவது சுலபமாயிற்று. பி-ராஃபின் கையைப் பிடித்துக்கொள்ளும் வெமுராஃபெனிப் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்து ஆணையம் 2011 ஆகஸ்டில் அங்கீகரித்தது. பழைய மருந்தான டகார்பஸீன் நூறு பேரில் ஐந்து பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. புது மாத்திரை 48 பேருக்குச் சுருக்கியது. முத்திரை நின்றது; பிம் மீண்டும் சேர்ந்தது; புற்றணுக்கள் மடிந்தன. ஆறேழு மாதங்களில் பலருக்குப் புற்று வேறு வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு பி-ராஃபையும் மெக்கையும் சேர்த்துக் கட்டும் இரட்டை மருந்து வந்தது. அதனால் பரவிய நோயுடையவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டு உயிரோடிருந்ததாக 2019-ல் அறிவித்தார்கள். முன்பு மாதக்கணக்கில் எண்ணிய ஆயுள் அது. ஆகையால் இதைச் சிறிய காரியம் என்று நாம் சொல்லமாட்டோம்.

இங்கேதான் நமக்குரிய சிக்கல் வருகிறது. உள்ளங்கால் கரும்புற்றில் பி-ராஃப் பிழை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காணப்படுகிறது. அதற்குப் பதில், வாசலில் இருக்கும் கிட் நொதியில் பிழையுள்ளவர்கள் பத்தில் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். ராஸில் பிழையுள்ளவர்களும் உண்டு. வேறு சிலருக்கு ஒரெழுத்துப் பிழையாக இல்லாமல், பத்திரக் கட்டே கிழிந்து தாறுமாறாக ஒட்டப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்று, ஊர் வேறு, நோய் வேறு. அமெரிக்கர் கரும்புற்றின் ஜீன்களை அட்டவணைப்படுத்தி 2015-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியில் 331 நோயாளிகள் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் வெள்ளையர். அவர்கள் தங்கள் ஜனங்களின் நோயை ஆராய்ந்தது குற்றமல்ல. அந்த அட்டவணையை நமது அட்டவணை என்று நாம் எடுத்துக்கொண்டு சும்மா இருந்தால், அது யாருடைய குற்றம்?

பொருந்தாத மருந்து வீணாகப் போவதோடு நிற்பதில்லை. பி-ராஃபில் பிழையில்லாமல் ராஸில் பிழையுள்ள அணுவுக்கு வெமுராஃபெனிப் வகை மருந்தைக் கொடுத்தால், முத்திரை நிற்பதற்குப் பதில் இன்னும் வேகமாக விழுகிறது என்று 2010-ல் ஆராய்ச்சிச் சாலைகள் பல ஒருங்கே கண்டன. எந்த நொதியில் பிழை என்று சோதிக்காமல் மாத்திரை கொடுப்பது, எந்த மதகு உடைந்தது என்று பார்க்காமல் அடுத்த மதகையும் திறந்துவிடுவதற்குச் சமானம்.

மருந்து விலையைப் பற்றி நாம் சண்டை போட்டு ஜயித்த சரித்திரம் ஒன்று உண்டு. சட்டம் படித்தவன் என்ற முறையில் அதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சென்னை ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்தவரும் பின்னர் சுப்ரீம் கோர்ட்டை அலங்கரித்தவருமான என். ராஜகோபால அய்யங்கார் 1959-ல் பேடண்டுச் சட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட பேடண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அன்னியர் கையில் இருப்பதையும், அவற்றைக் கொண்டு இங்கே தொழில் நடத்தாமல் சந்தையை மட்டும் அடைத்து வைத்திருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன் பலன் 1970-ம் வருஷத்துச் சட்டம்: மருந்துக்குப் பேடண்டு இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த நிழலில்தான். உலக வர்த்தக ஸ்தாபன ஒப்பந்தத்துக்கு இணங்க 2005-ல் மருந்துக்கும் பேடண்டு மீண்டும் வந்தபோது, பழைய மருந்தைச் சற்று உருமாற்றிப் புதிது என்று பேடண்டு கேட்பதைத் தடுக்க 3(d) என்ற பிரிவைப் பார்லிமெண்ட் வைத்தது.

அந்தப் பிரிவின் முதல் பெரும் பரீட்சை சென்னையில் நடந்தது. இமாடினிப் என்ற மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட பேடண்டைச் சென்னைப் பேடண்டு ஆபீஸ் 2006 ஜனவரியில் மறுத்தது. 3(d) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கம்பெனி தொடுத்த வழக்கைச் சென்னை ஹைகோர்ட் 2007 ஆகஸ்டில் தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேடண்டு இல்லை என்றே தீர்ப்பளித்தது. கம்பெனியின் மாத்திரைக்கு மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் போல ஆனது. சுதேசிக் கம்பெனிகள் அதையே எட்டுப் பத்தாயிரத்துக்குக் கொடுத்தன.

இன்னொரு வழக்கும் உண்டு. ஸோராஃபெனிப் என்ற பெயரிலேயே ராஃப் ஒளிந்திருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ராஃப் நொதியைத் தடுக்கவென்று தேடி உண்டாக்கிய மருந்து அது. கரும்புற்றில் பரீட்சித்தபோது தோற்றது; சிறுநீரகப் புற்றுக்கும் ஈரல் புற்றுக்கும் பயன்பட்டது. பேயர் கம்பெனி அதற்கு இந்தியாவில் மாதம் 2,80,428 ரூபாய் விலை வைத்தது. 2012 மார்ச் 9-ந் தேதி, நமது தேசத்தின் முதல் கட்டாய லைசென்ஸ் ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு வழங்கப்பட்டது. விலை 8,880 ரூபாயாக இறங்கியது. சென்னையில் அப்போது இருந்த அப்பீல் போர்டும் 2013-ல் அதை ஊர்ஜிதம் செய்தது.

இந்த வழக்குகளுக்கும் உள்ளங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நேரானது. இமாடினிப் இரத்தப் புற்றுக்கு வந்த மருந்தாயினும், அது தடுக்கும் நொதிகளில் கிட்டும் ஒன்று. கிட் பிழையுள்ள கரும்புற்றுக்கு அது பலன் தருமா என்று பெய்ஜிங் நகர வைத்தியர்கள் தங்கள் சொந்த நோயாளிகள் 43 பேரிடம் பரீட்சித்து 2011-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 23 பேருக்குக் கட்டி சுருங்கியது. பெரிய வெற்றி என்று கொண்டாடுவதற்கில்லை; ஆனால் வேறு வழியற்றிருந்தவர்களில் நாலில் ஒருவருக்குக் கதவு திறந்தது. சென்னையில் வாதாடி நாம் மலிவாக்கிய மாத்திரை, நமது உழவன் காலுக்கு உதவும் என்று சீனர்கள் கண்டு சொல்ல வேண்டியிருந்தது! மாத்திரை எட்டும் விலையில் மருந்துக் கடையில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் ஜீன் சோதனை பெரிய நகரங்களில் இருக்கிறது. சோதனைக்கு வேண்டிய சதைத் துணுக்கோ, கால் ஆணி என்று சீவப்பட்டுக் குப்பைக்குப் போய்விடுகிறது. கோர்ட்டில் பெற்ற வெற்றியை நாம் ஆஸ்பத்திரியில் செலவழிக்கத் தெரியாமல் இருக்கிறோம்.

ஜப்பானியரைப் பாருங்கள். அவர்களுக்கும் இந்த உள்ளங்கால் வகையே அதிகம். ஆகவே அதைத் தங்கள் பிரச்னையாக எடுத்துக்கொண்டார்கள். ஷின்ஷு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸைடா என்ற தோல் வைத்தியர், உள்ளங்கால் ரேகைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தே நல்ல மச்சத்தையும் புற்றையும் பிரிக்கும் முறையைக் கண்டார். உழுத வயலில் வரம்பும் சாலும் மாறி மாறி இருப்பதுபோல உள்ளங்கால் தோலிலும் மேடும் பள்ளமும் இருக்கின்றன. கறுப்பு பள்ளத்தில் கோடாக ஓடினால் அநேகமாக அது மச்சம். மேட்டில் பட்டையாகப் படிந்தால் கரும்புற்று என்று சந்தேகிக்க வேண்டும். 2004-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, மேட்டுக் கறுப்பு என்ற ஓர் அடையாளம் நூறு புற்றுகளில் 86-ஐக் காட்டிக்கொடுத்தது. நல்ல மச்சத்தைப் புற்று என்று தவறிச் சொன்னது நூற்றுக்கு ஒன்றுதான். 2016-ல் அதே ஜப்பானியர், காலில் பளு அதிகம் தாங்கும் இடங்களிலேயே இப்புற்று மிகுதியாக உண்டாகிறது என்றும் எடுத்துக்காட்டினார்கள். நடந்தும் நின்றும் சுமந்தும் பிழைக்கிற ஜனங்கள் உள்ள நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் யார்?

நமது பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையம் ஏழைகளுக்குச் செய்திருக்கும் தொண்டு சாமானியமானதல்ல. சென்னையில் புற்றுநோயாளிகளை எண்ணிப் பதியும் ஏற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் பாரதப் புற்றுநோய் ஜீன் அட்டவணையைத் தொடங்கியது. மார்பகப் புற்றுள்ள 480 பேரின் ஜீன்களைப் படித்து வெளியிட்டார்கள். பத்தாயிரம் இந்தியரின் ஜீன்களைப் படித்த மற்றொரு பெரிய வேலையும் அதே ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. அது ஆரோக்கியமான ஜனங்களின் இரத்தத்தைப் படித்தது; புற்றுக்குள் நேரும் பிழை அதில் தெரியாது. மார்பகப் புற்றில் தொடங்கியது நியாயமே, ஏனெனில் அதுவே அதிகம் பேரைப் பிடிக்கிறது. ஆனால் மார்பகப் புற்றை அமெரிக்கரும் ஐரோப்பியரும்கூட ஆராய்கிறார்கள். உள்ளங்கால் புற்றை நமக்காக அவர்கள் ஆராயப் போவதில்லை. அபூர்வமானது என்பதே அதை நாம் முன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதற்குக் காரணம்.

இதற்குப் பணம் எங்கே, சாதனம் எங்கே என்று சில அறிவாளிகள் கேட்பார்கள். அவர்களைத் திருப்பூருக்கு அழைத்துப் போக வேண்டும். புற்றை உண்டாக்கக்கூடிய அமீன்களாகப் பிரியும் சில ஸாயங்களை ஜெர்மனி 1994-ல் தடுத்தது. உடனே நமது ஏற்றுமதிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். சர்க்காரும் அந்த ஸாயங்களைத் தடை செய்தது. இன்று திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனை நூலும் ஸாயமும் பிரித்துச் சோதிக்கும் கூடங்கள் அந்நகரிலேயே இருக்கின்றன. ஐரோப்பியன் தோலில் படப்போகும் துணியில் லட்சத்தில் சில பங்கு விஷம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். அது செய்ய வேண்டியதே. வியாபாரமும் நாணயமும் அதைக் கேட்கின்றன. அந்தப் பனியனைத் தைத்தவளின் காலில் இருக்கும் கறுப்பைச் சோதிக்க மட்டும் சாதனம் இல்லை என்றால், அதை நாம் நம்பத் தயாராயில்லை.

செய்ய வேண்டியவை பிரமாதமானவையும் அல்ல. புற்றின் கனம் ஒரு மில்லி மீட்டருக்குள் இருக்கும்போது அறுத்து எடுத்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்துக்கொள்ளுகிறார்கள். அவர்களுக்கு பி-ராஃபும் வேண்டாம், இமாடினிப்பும் வேண்டாம். எனவே முதல் வேலை காலைத் திருப்பிப் பார்ப்பது. 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற ஏற்பாட்டில், நீரிழிவுக்காரர்களின் வீட்டுக்கே ஊழியர்கள் போய் மருந்து கொடுத்தார்கள். அவ்வாறு வீட்டுப்படி ஏறும் ஊழியருக்கு, உள்ளங்காலையும் பத்து நகங்களையும் பார்க்க ஒரு நாள் பயிற்சி போதும். தோல் ரேகையைப் பார்க்கும் கண்ணாடி ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் கிடைக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பதால் கஜானா காலியாகிவிடாது. எடுத்த படத்தைக் கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரித் தோல் வைத்தியருக்கு அந்த நிமிஷமே அனுப்பலாம்.

இரண்டாவது வேலை, வெட்டி எடுத்த சதையை எறியாமல் வைப்பது. மெழுகில் பதித்து வைத்தால் பல ஆண்டுக்குப் பிறகும் ஜீனைப் படிக்கலாம். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ஏற்கெனவே மெழுகுக் கட்டிகளாக உறங்கிக்கொண்டிருக்கும் உள்ளங்கால் கரும்புற்றுகளைத் திரட்டினாலே, கிட் எத்தனை, பி-ராஃப் எத்தனை, ராஸ் எத்தனை என்று நம்முடைய சொந்தக் கணக்கு ஒன்று கிடைத்துவிடும். தனித்தனி ஆஸ்பத்திரிகளிலிருந்து சிறு சிறு கட்டுரைகள் வந்திருக்கின்றன, அவை போதமாட்டா. ஐ.ஐ.டி. அட்டவணையில் அடுத்த வரிசைகளில் ஒன்று இதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது விஷயம் சர்க்காருடைய பணப்பையைச் சேர்ந்தது. மருந்துக்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பதைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். எந்த நொதியில் பிழை என்று சொல்லும் சோதனைக்கும் அதே நிதியிலிருந்து பணம் கொடுக்கப்பட்டால்தான், கொடுத்த மருந்துக்கு அர்த்தம் உண்டு. உடலின் காவற்படையைத் தூண்டும் புதுவகை ஊசிகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடிகோலிய அல்லிஸனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவ்வூசிகளும் உள்ளங்கால் வகையில் வெள்ளையரின் வகையில் செய்ததைப்போல் வேலை செய்யவில்லை. விலையோ லட்சங்களில். அவற்றின் பேடண்டுகள் முடிகிற காலத்தில் சுதேசி நகல்கள் வந்து குவியும். அப்போதாவது யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டுமானால், அதை எழுத இன்றே ஆரம்பித்தாக வேண்டும்.

மடத்துக்குளம், உடுமலை தாலுகாக்களில் உள்ள தேசத்தொண்டர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். கண் சோதனை முகாம், இரத்ததான முகாம் என்று நீங்கள் நடத்துவது நல்லது. அடுத்த முகாம் ஒன்றை வாய்க்கால் தண்ணீர் விடுவதற்கு முன், நடவு தொடங்காத நாளில் வையுங்கள். வருகிறவர்களைப் பெஞ்சியில் உட்காரவைத்துக் கால் கழுவத் தண்ணீர் கொடுங்கள். ஒரு காலில் மட்டும் புதிதாக வந்த கறுப்பு, மாதாமாதம் அகலுகிற கறுப்பு, ஓரம் கோணலான கறுப்பு, நகத்தைத் தாண்டித் தோலிலும் வழிந்த கறுப்பு, ஆறாமல் கசிகிற ஆணி ஆகிய இவை உள்ளவர்களின் பெயரைத் தனியே எழுதிக்கொண்டு, அவர்களை அந்த வாரத்திலேயே கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பிளேடு வேண்டாம், சேங்கொட்டை வேண்டாம் என்று மட்டும் அதற்குள் அவர்களிடம் சொல்லிவையுங்கள்.